தரையில் அமரும் முழங்கால்: சங்கரன்கோவிலிலிருந்து ஒரு மருத்துவ வரலாறு

முழங்கால் நோய்களின் வரலாறு பெரும்பாலும் முதியோரின் மூட்டுத் தேய்மானத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்துள்ளது. வளரும் பிள்ளைகளின் முழங்காலில் குருத்தெலும்பு அடிபடுவதும், அதை வெவ்வேறு காலத்து மருத்துவம் எதிர்கொண்ட விதமும் தனியே ஆராயத்தக்கவை என்ற உணர்வு கடந்த அரை நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. அந்த வரலாற்றைத் தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் போன்ற ஒரு வட்டத் தலைநகரிலிருந்து நோக்கினால், எடின்பரோவிலும் தோக்கியோவிலும் நிகழ்ந்த கண்டுபிடிப்புகள் ஒரு சிற்றூர்ப் பிள்ளையின் காலை எப்போது வந்தடைந்தன, எவை இன்னும் வந்தடையவில்லை என்பதும் சேர்ந்தே விளங்கும்.

ஒரு சிறுவனின் முழங்காலில் மூவகைக் குருத்தெலும்புகள் உள்ளன. தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் முழங்காற்சில்லின் உட்புறத்தையும் வழவழப்பாகப் போர்த்தியிருப்பது முதல்வகை. இதை மூட்டுக் குருத்தெலும்பு என்பர். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே, உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாகப் பிறை வடிவில் அமைந்து, உடலின் பாரத்தைப் பரப்பித் தாங்குவது இரண்டாம் வகை. மருத்துவர்கள் மெனிஸ்கஸ் என்றும், ஊர்வழக்கில் மற்ற இணைப்பு நார்களோடு சேர்த்துப் பொதுவாக ‘ஜவ்வு’ என்றும் குறிப்பிடுவது இதுவே. மூன்றாம் வகை பெரியவர்களிடம் இல்லாதது. எலும்பின் முனைக்குச் சற்று உள்ளே தட்டுப்போல் கிடந்து எலும்பை நீளச் செய்யும் வளர்ச்சித் தட்டு அது. தொடை எலும்பின் அடியிலுள்ள தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. அளவும், கீழ்க்கால் எலும்பின் மேலுள்ள தட்டு ஏறத்தாழ 6 மி.மீ. அளவும் வளர்ச்சி தருவதால், ஒருவரது கால் நீளத்தின் பெரும்பகுதி முழங்காலைச் சுற்றியே உருவாகிறது. பெண்பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகளுக்கு 16 வயதை ஒட்டியும் இத்தட்டுகள் மூடிக்கொள்கின்றன. முதல்வகைக் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை; மூட்டினுள் ஊறும் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. அடிபட்டாலும் அதுவாக வலியை உணர்த்தாது, கிழிந்தாலும் எளிதில் ஆறாது என்ற இவ்விரண்டு இயல்புகளே இவ்வரலாற்றின் போக்கைப் பெரிதும் வகுத்தன.

சங்கரன்கோவிலின் வாழ்க்கையில் முழங்காலுக்குச் சமயம், தொழில், அன்றாடப் பழக்கம் ஆகிய மூன்று நிலைகளிலும் இடமுண்டு. சிவனும் திருமாலும் ஓருருவாகக் காட்சி தந்ததாகக் கொள்ளப்படும் சங்கரநாராயணர் கோயிலில், அக்காட்சியை வேண்டிக் கோமதி அம்மன் ஒற்றைக் காலில் ஊசிமுனையில் நின்று தவமிருந்ததாகத் தலபுராணம் கூறும். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் பக்தர்கள் கோயிலை நூற்றுக்கணக்கான முறை வலம்வரும் ‘ஆடிச்சுற்று’, அம்மனின் கால்வலியைத் தாங்கள் பங்கிட்டு ஏற்றுக்கொள்வதாகவே அவ்வூரில் விளக்கப்படுகிறது. கோயிலின் புற்றுமண் திருநீற்றுக்கு நிகராக வழங்கப்பட்டு, நோயுற்ற இடத்தில் பூசப்படுகிறது. மருத்துவமனை என்ற அமைப்பு இப்பகுதிக்கு வருமுன்னர், கால் வீங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் முதலில் சென்ற இடம் இத்தகைய சந்நிதியாகவே இருந்திருக்கும். பிள்ளையின் நோவைத் தெய்வத்திடம் ஒப்படைத்து ஆறக் காத்திருந்த அந்தப் பொறுமைக்கு அக்காலத்தில் மாற்றும் அதிகமில்லை.

அன்றாடப் பழக்கமோ முழங்காலை முழுமையாக மடக்கக் கோரியது. சம்மணமிட்டு உண்ணுதல், திண்ணைப் பள்ளியில் தரையில் அமர்ந்து எழுதுதல், குத்தவைத்துக் கோலமிடுதல், குந்தியிருந்து களையெடுத்தல், மலங்கழித்தல் எனக் காலை முதல் இரவு வரை செய்யும் செயல்களில் பலவற்றுக்கு மூட்டு ஏறத்தாழ அதன் எல்லைவரை மடங்கியாக வேண்டும். விறைத்து நீண்டுவிட்ட கால், வலியே இல்லாவிட்டாலும், ஒரு பிள்ளையைப் பந்தியிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வயலிலிருந்தும் பிரித்துவைத்தது. நாற்காலியில் அமரும் நாடுகளில் வலியின்றி உறுதியாக நிற்கும் கால் கிடைத்தாலே மருத்துவம் வென்றதாகக் கருதப்பட்டது. தரையில் அமரும் மக்களுக்கு அந்த வெற்றி பாதி வெற்றிதான். இவ்வேறுபாடு பிற்காலத்தில் முழங்கால் மருத்துவத்தின் திசையையே மாற்றியது என்பதைப் பின்னர்க் காணலாம்.

இந்திய மருத்துவ நூல்கள் முழங்காலை மிக முன்னரே தனித்துக் குறித்துள்ளன. சுசுருத சம்ஹிதை உடலின் உயிர்நிலைகளாகக் கூறும் 107 மர்மங்களுள் ‘ஜானு’ எனப்படும் முழங்கால் மர்மமும் ஒன்று. அது அடிபட்டால் உயிர் போகாது, ஆனால் உறுப்புக் குறை நேரும் என்று வகுத்து, நொண்டுதலை அதன் விளைவாகவும் அந்நூல் சுட்டுகிறது. தென்தமிழகத்தில் சித்த மருத்துவத்தின் கிளையாக வளர்ந்த வர்ம மருத்துவம் 12 படுவர்மங்களையும் 96 தொடுவர்மங்களையும் எண்ணியது. சிலம்பமும் மல்லும் பயிற்றிய ஆசான்களே அடிபட்டவருக்கு மருந்தும் கட்டியதால், அடிக்கும் கலையும் ஆற்றும் கலையும் ஒரே கையில் இருந்தன. சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவலைத் தலைமையிடமாகக் கொண்டு 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட பூலித்தேவரின் காலத்தில் இப்பகுதிப் பாளையங்களில் போர்ப் பயிற்சி இளமையிலேயே தொடங்கியது. அத்தகைய சமூகத்தில் மூட்டுக் காயம் அறிந்தவருக்குப் பஞ்சம் இருந்திருக்க முடியாது.

எலும்புமுறிவுக்குக் கட்டுவோர் கையாண்ட முறை தெளிவானது. விலகிய எலும்பைக் கையால் தடவி உணர்ந்து, இழுத்து நேராக்கி, முட்டையின் வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் தடவிய துணியைச் சுற்றி, மேலே மூங்கில் தப்பைகளை வைத்து இறுகக் கட்டுவர். துணி காய்ந்ததும் அது மாவுக்கட்டுக்கு ஈடான உறுதி பெறும். ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலிருந்து பரவிய ‘புத்தூர்க் கட்டு’ தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் பெயர்ப்பலகையாகத் தொங்கும் அளவுக்குப் புகழ்பெற்றது. சுளுக்குக்கு வேறு வழிகள் இருந்தன. கரியபோளமாகிய மூசாம்பரத்தைக் குழைத்துப் பற்றுப்போடுதல், நொச்சி இலையால் ஒத்தடம் கொடுத்தல், முறிவெண்ணெய் தேய்த்து நீவுதல் ஆகியவற்றோடு, இரட்டைப் பிள்ளை பெற்ற தாயோ கால் முன்வந்து பிறந்தவரோ நீவினால் சுளுக்கு விடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து நிலவியது.

இம்மருத்துவத்தின் சிறப்பையும் எல்லையையும் ஒருங்கே சொல்வது நியாயமாகும். மூடிய எலும்புமுறிவுகளுள் பல, குறிப்பாகப் பிள்ளைகளுடையவை, இக்கட்டுகளால் நன்கு கூடின; செலவு குறைவு, வைத்தியர் அருகிலேயே இருந்தார், பிள்ளையின் அச்சத்தைப் போக்கும் சொல்லும் அவரிடம் இருந்தது. ஆனால் கட்டுபவரின் விரல்களுக்கு எட்டுவது எலும்பின் விளிம்பும் தசையின் இறுக்கமும் மட்டுமே. மூட்டின் நடுவில் கிழிந்து மடிந்த பிறைக் குருத்தெலும்போ, சில்லாகப் பெயர்ந்து மிதக்கும் மூட்டுக் குருத்தெலும்போ எந்த விரலுக்கும் புலப்படாது. எனவே முழங்காலினுள் நேர்ந்த காயங்கள் யாவும் ‘சுளுக்கு’ என்ற ஒரே பெயரில் அடங்கின. இரத்தம் கட்டி வீங்கிய மூட்டை வன்மையாக நீவியதால் வீக்கம் மிகுந்ததும், இறுகக் கட்டியதால் இரத்த ஓட்டம் தடைப்பட்டதும் உண்டு. அக்காலத்தில் மேலை மருத்துவமும் மூட்டினுள்ளே காணும் ஆற்றலைப் பெற்றிருக்கவில்லை என்பதை மறந்து இவ்வைத்தியர்களை மட்டும் குறைகூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

பூலித்தேவர் இளைஞராக இருந்த அதே காலத்தில், 1743-இல், வில்லியம் ஹன்ட்டர் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் மூட்டுக் குருத்தெலும்புகளின் அமைப்பையும் நோய்களையும் பற்றிய தம் ஆய்வை வைத்தார். புண்பட்ட குருத்தெலும்பு பெருந்தொல்லை தருவது, ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்பது அவர் கண்ட முடிவு. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அம்முடிவை யாராலும் அசைக்க இயலவில்லை. அதற்கு ஈராண்டு முன்னர், 1741-இல், பாரிசின் நிக்கோலா ஆந்த்ரி பிள்ளைகளின் உடற்கோணல்களைத் தடுப்பதும் திருத்துவதும் பற்றி எழுதிய நூலிலிருந்தே எலும்பியல் துறை அதன் மேலைப் பெயரைப் பெற்றது. பெரியவர்களின் முறிவுகளோடு இன்று பெரிதும் இணைத்துப் பேசப்படும் இத்துறை, தொடக்கத்தில் குழந்தைகளுக்காகவே எண்ணப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பிரித்தானிய எலும்பியலின் வேரிலும் கட்டுவைத்தியம் இருந்தது. வேல்சின் ஆங்கிள்சீத் தீவில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிவந்த குடும்பத்தில் பிறந்து, முறைப்படி மருத்துவம் பயின்று லிவர்ப்பூலில் பணியாற்றிய ஹ்யூ ஓவன் தாமஸ் (1834–1891), காசநோய் தாக்கிய முழங்காலை அசையாமல் வைத்திருக்க ஒரு கம்பிச் சட்டத்தை வடிவமைத்தார். ‘தாமஸ் ஸ்பிளின்ட்’ என்ற பெயரில் தமிழக அரசு மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவுகளில் தொடை முறிந்தவர்களின் கால்களை இன்றும் தாங்கிநிற்பது அதுவே. வேல்சில் எலும்பு கட்டிய குடும்பத்தின் மகன் கல்லூரிக்குள் நுழைந்து தம் முன்னோர் அறிவைச் சோதித்து வளர்த்தார். தென்தமிழகத்தின் ஆசான்களுக்கோ அந்த வாயில் நெடுங்காலம் திறக்கவில்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இல்தான் தொடங்கப்பட்டது.

தாமஸ் வாழ்ந்த காலத்தில் தென்தமிழகப் பிள்ளைகளின் முழங்காலுக்கு விளையாட்டைவிடத் தொற்றே பெரும்பகையாக இருந்தது. காசநோயும், இரத்தத்தின் வழியே மூட்டில் சீழ் பிடிப்பதும், படியிறங்கி நீர் எடுக்கும் குளங்களிலிருந்து தொற்றி மூட்டருகே வெளிப்பட்ட நரம்புச் சிலந்தி நோயும் பல பிள்ளைகளின் கால்களை விறைக்கச் செய்தன. சீழ்பிடித்த மூட்டில் குருத்தெலும்பு சில நாள்களிலேயே கரைந்துபோகும் என்பதால், காலந்தாழ்த்தாது திறந்து கழுவுதல் ஒன்றே வழி. அத்தகைய அறுவைக்கு நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணியையும், நாசரேத்தில் 1870-இல் ஜே. எம். ஸ்ட்ராச்சன் தொடங்கிய மருத்துவமனையையும் போன்ற சில இடங்களே இருந்தன. சங்கரன்கோவிலிலிருந்து அவை மாட்டுவண்டியில் பல நாள் வழி. விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை 1927-இல் சங்கரன்கோவில் வழியாகப் போடப்பட்ட பின்னரே மதுரை மருத்துவமனை ஒரு நாள் பயணத்துக்குள் வந்தது. நரம்புச் சிலந்தி இந்தியாவில் 1996-இல் முற்றிலும் நின்றது. அதை ஒழித்தது அறுவையன்று, வடிகட்டிய நீரும் படிக்கிணறுகளின் திருத்தமும்தான்.

தொற்று அல்லாத குருத்தெலும்புக் காயத்துக்கு ஐரோப்பாவில் அறுவை தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். எடின்பரோவின் தாமஸ் அனன்டேல் 1883 நவம்பரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலைத் திறந்து, பெயர்ந்திருந்த பிறைக் குருத்தெலும்பை அதன் இடத்தில் தைத்தார். உலகின் முதல் பிறைக் குருத்தெலும்புத் தையல் எனக் கொள்ளப்படுவது அது. வியப்பு என்னவென்றால், தையலில் தொடங்கிய இக்கலை விரைவில் வெட்டி எடுத்தலுக்குத் திரும்பியதுதான். கிழிந்த பிறையை முழுவதுமாக நீக்கினால் நோயாளி சில வாரங்களில் வலியின்றி நடந்ததால், அது பயனற்ற எச்சவுறுப்பு என்ற கருத்தே வலுப்பெற்று, 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதி முழுவதும் இளையோரின் முழங்கால்களிலிருந்தும் அது தயக்கமின்றி அகற்றப்பட்டது.

அதே காலத்தில் பிள்ளைகளுக்கே உரிய சில நோய்கள் பெயர் பெற்றன. ஜெர்மனியின் ஃபிரான்ஸ் கோனிக், வளரிளம் பருவத்தினரின் தொடை எலும்பு முனையில் குருத்தெலும்பு, அதன் கீழுள்ள எலும்புத் துணுக்கோடு மெல்ல மெல்லப் பிரிந்து பெயர்ந்துவிடும் நோயை 1880-களின் இறுதியில் விவரித்து அதற்குப் பெயரிட்டார். அழற்சியே காரணம் என்று அவர் கருதியது பின்னர் மெய்ப்படவில்லை. ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் பாரம் விழுவதும் அங்கே இரத்த ஓட்டம் குன்றுவதுமே காரணங்கள் என இன்று எண்ணப்படுகின்றன. 1889-இல், பிறை வடிவமின்றி வட்டத் தட்டாகவே அமைந்த வெளிப்புறக் குருத்தெலும்பு முதன்முறையாக விவரிக்கப்பட்டது. காலை நீட்டி மடக்கும்போது ‘டக்’ என்ற ஓசை எழும் சிறு பிள்ளைகளின் முழங்கால்களுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். மேலை நாட்டினரைவிட ஆசிய மக்களிடையே இது மிகுதியாகக் காணப்படுகிறது.

வெட்டி எடுக்கும் காலத்துக்கு முதல் எச்சரிக்கை 1936-இல் வந்தது. அமெரிக்காவின் டான் கிங் நாய்களில் செய்த ஆய்வுகளில், இரத்த ஓட்டமுள்ள வெளிவிளிம்பில் ஏற்பட்ட கிழிசல் ஆறுகிறது என்று காட்டினார். 1948-இல் பிரித்தானியாவின் டி. ஜே. ஃபேர்பேங்க், பிறை நீக்கப்பட்ட முழங்கால்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து, மூட்டின் இடைவெளி குறுகுவதையும், எலும்பின் விளிம்பில் முகடு தோன்றுவதையும், தொடை எலும்பின் வளைவு தட்டையாவதையும் பதிவுசெய்தார். பயனற்றது எனக் கருதப்பட்ட உறுப்பு பாரத்தைத் தாங்கிநின்றது என்பதற்கு அப்படங்களே சான்றாயின. ஆயினும் வழக்கம் உடனே மாறவில்லை. பிள்ளைப் பருவத்தில் பிறையை இழந்தவர்கள் நடுவயதுக்கு முன்பே மூட்டுத் தேய்மானத்துக்கு ஆளாவதைப் பின்தொடர் ஆய்வுகள் 1980-களில் எடுத்துக்காட்டிய பின்னரே, குழந்தைகளின் குருத்தெலும்பை இயன்றவரை காக்க வேண்டும் என்பது விதியாக நிலைபெற்றது.

காப்பதற்கான கருவி தரையில் அமரும் ஒரு நாட்டிலிருந்து வந்தது. காசநோயால் விறைத்த முழங்கால் சப்பானியருக்கு வெறும் ஊனமாக மட்டும் இருக்கவில்லை. மண்டியிட்டு அமரும் அவர்களது மரபிலிருந்தே அது ஒருவரை விலக்கிவைத்தது. அந்நிலை வருமுன்னரே நோயைக் கண்டறிய விரும்பிய தோக்கியோவின் கென்ஜி தகாகி, 1918-இல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை ஓர் உயிரற்ற உடலின் முழங்காலினுள் செலுத்தி உள்ளே நோக்கினார். அவர் மாணவர் மசாகி வத்தனாபே கருவியைச் செம்மைப்படுத்தி, 1962 மே 4 அன்று, 17 வயது இளைஞன் ஒருவனின் கிழிந்த பிறையில் சேதமுற்ற பகுதியை மட்டும் உள்நோக்கி வழியே நீக்கினார். ஹிரோஷி இக்கேயுச்சி 1969-இல் அதே வழியில் கிழிசலைத் தைத்தார். ஆர்த்ராஸ்கோப்பி என்று இன்று வழங்கும் இம்மருத்துவத்தின் மூலத்தில், முழங்கால் முழுமையாக மடங்கியாக வேண்டும் என்ற ஒரு சமூகத்தின் தேவை இருந்தது. சங்கரன்கோவிலின் தாயொருத்தி தன் பிள்ளை மீண்டும் சம்மணமிட வேண்டும் என்று கேட்பதும் அதே தேவைதான்.

உள்ளே காணக் கிடைத்ததும், பிள்ளையின் முழங்கால் பெரியவரது முழங்காலின் சிற்றுருவம் அன்று என்பது தெளிவாயிற்று. கைக்குழந்தையின் பிறை முழுவதும் இரத்தக்குழாய்கள் பரவியிருக்கும். 10 வயதளவில் அவை வெளிவிளிம்புப் பகுதியோடு நின்றுவிடும். எனவே சிறு வயதில் தைத்த கிழிசல் ஆறும் வாய்ப்பு மிகுதி. தையலின்போது மருத்துவர் மூட்டின் இருபுறமும் சிறு துளைகள் இட்டு, ஒன்றில் ஒளியும் லென்சும் கொண்ட குழாயையும் மற்றொன்றில் கருவியையும் செலுத்தி, கிழிந்த ஓரங்களைச் சுரண்டிப் புதுக்குருதி கசியச் செய்து, நீண்ட ஊசிகளால் கிழிசலின் இருகரைகளையும் மூட்டுறையோடு சேர்த்து முடிச்சிடுகிறார். குருதி கசியச் செய்வது ஆறுதலைத் தூண்டுவதற்கே. வட்டத் தட்டாக அமைந்த குருத்தெலும்பாயின் அதை முற்றும் நீக்காமல், நடுப்பகுதியை மட்டும் செதுக்கிப் பிறையாக்கி விடுவதே இன்றைய முறை. கோனிக் விவரித்த நோயில், வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும் வயதில் குருத்தெலும்பு பெயராமல் இருந்தால், ஓட்டமும் தாவலும் நிறுத்திச் சில மாதங்கள் ஓய்வு தந்தாலே பலருக்குக் குணமாகிறது. ஆறாதவர்களுக்கு எலும்பில் நுண்துளைகள் இட்டு இரத்த ஓட்டத்தைத் தூண்டுவர்.

மற்றொரு வேறுபாடு விழுவதில் உள்ளது. பெரியவர் முழங்காலை முறுக்கி விழுந்தால் உள்ளிருக்கும் சிலுவை நார் அறுபடும். 8 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கோ நார் அறுபடுமுன், அது பற்றியிருக்கும் எலும்பு முனையே குருத்தெலும்போடு பெயர்ந்து எழும்பும். மேயர்சும் மெக்கீவரும் 1959-இல் வகைப்படுத்திய இக்காயம், மிதிவண்டியிலிருந்து விழும் பிள்ளைகளிடம் மிகுதி. மிதிவண்டியில் பள்ளி செல்லும் பிள்ளைகள் நிறைந்த தமிழக ஊர்களில் இதை நினைவில் கொள்ளாத மருத்துவர் இக்காயத்தைத் தவறவிடக்கூடும். வளர்ச்சித் தட்டுக் காயங்களை ராபர்ட் சால்ட்டரும் ராபர்ட் ஹாரிசும் 1963-இல் ஐந்தாக வகுத்தனர். தட்டின் ஊடே எலும்புப் பாலம் உருவாகிவிட்டால் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரும். அதே சால்ட்டர், காயமுற்ற மூட்டை நெடுநாள் அசையாமல் கட்டிவைப்பதைவிட மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பது குருத்தெலும்பை ஆற்றுகிறது என்று முயல்களில் செய்து காட்டினார். அசைவின்மையே மருந்து என்ற ஹ்யூ ஓவன் தாமசின் கொள்கை இவ்வாறு ஒரு நூற்றாண்டில் திருத்தம் பெற்றது.

இவ்வறிவு சங்கரன்கோவிலை அணுகியது படிப்படியாகத்தான். ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பாளையங்கோட்டையில் 1965-இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதும், பயிற்சி பெற்ற எலும்பியல் மருத்துவர் இப்பகுதிக்குக் கிடைத்தார். ஆனால் வட்ட மருத்துவமனைகள் நெடுங்காலம் நம்பியிருந்த எக்ஸ்ரே, குருத்தெலும்பைக் காட்டாத கருவி. படத்தைப் பார்த்து ‘எலும்பில் ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் சொன்ன சொல், பெற்றோரின் காதில் ‘முழங்காலில் ஒன்றுமில்லை’ என்றே விழுந்தது; பிள்ளை மீண்டும் எண்ணெய்க்கும் நீவுதலுக்கும் திரும்பியது. தீப்பெட்டித் தொழில் பரவிய சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் நாளெல்லாம் தரையில் அமர்ந்து கட்டை அடுக்கிய பிள்ளைகளுக்கு அந்த அளவு கவனிப்பும் கிட்டியதில்லை. குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அவர்களைப் பள்ளியை நோக்கித் திருப்பிய பின்னரே, பிள்ளையின் கால்வலி கூலியிழப்பாக மட்டும் அன்றி நோயாகவும் காணப்படத் தொடங்கியது.

குருத்தெலும்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முழங்காலுக்குப் பயன்பட்டது 1980-களில். அது தென்மாவட்டங்களை வந்தடைய மேலும் காலமாயிற்று. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைக்கப்பட்டு, பின்னர் ஸ்கேன் மையங்களை அரசு மருத்துவமனைகளில் நடத்தத் தொடங்கியதும், 2008-இல் 108 அவசர ஊர்தி வந்ததும், 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் செயற்பட்டதும் இத்தொலைவைக் குறைத்த படிகள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவில் அதில் சேர்ந்தது. கால் நூற்றாண்டுக்கு முன் பெருநகரத்துத் தனியார் மருத்துவமனையில் மட்டும் கிடைத்த உள்நோக்கி அறுவை, இன்று ஒரு விசைத்தறித் தொழிலாளியின் மகனுக்கும் எட்டக்கூடியதாயிருக்கிறது.

ஹன்ட்டர் முடியாது என்றதை முடித்துக் காட்டும் முயற்சியும் இதற்கிடையில் தொடங்கியது. சுவீடனின் மாட்ஸ் பிரிட்பெரியும் அவர் குழுவினரும், நோயாளியின் முழங்காலிலிருந்தே எடுத்த குருத்தெலும்புச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, சேதமுற்ற இடத்தில் மீண்டும் வைக்கும் முறையை 1994-இல் வெளியிட்டனர். சிகிச்சை பெற்ற 23 பேருள் இளையவருக்கு வயது 14. தமிழகத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை எலும்பியல் பிரிவில் விருஷா மதுரி தலைமையிலான குழுவினர், சேதமுற்ற வளர்ச்சித் தட்டில் உருவான எலும்புப் பாலத்தை நீக்கி அவ்விடத்தில் வளர்க்கப்பட்ட செல்களை வைத்துப் பிள்ளைகளின் கால் வளர்ச்சியை மீட்கும் ஆய்வில் ஈடுபட்டனர். பாலத்தை நீக்கி அவ்விடத்தைக் கொழுப்பால் நிரப்பும் முறையைப் பின்லாந்தின் ஆண்டர்ஸ் லாங்கென்ஷோல்ட் 1960-களின் இறுதியில் கையாண்டிருந்தார். வேலூரின் முயற்சி அதன் அடுத்த படி. வளரும் எலும்பின் குருத்தையே மீண்டும் உண்டாக்க முனையும் இவ்வாராய்ச்சி தமிழ் மண்ணில் நடப்பது பெருமைக்குரியது.

எனினும் செல்களைப் பற்றிய நம்பிக்கை, எளிய கடமையை மறக்கச் செய்யலாகாது. வெட்டி எடுத்ததைத் திருப்பித் தர எந்த மருத்துவத்தாலும் இன்றுவரை முழுமையாக இயலவில்லை என்பதும், சிறு வயதில் காலத்தே தைத்தது ஆறுகிறது என்பதும் இவ்வரலாறு தரும் இரு பாடங்கள். இரண்டும் சேர்ந்து காலத்தின் அருமையையே வற்புறுத்துகின்றன. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முழங்கால் பொங்கி வீங்குதல், காலை முழுவதும் நீட்டவோ மடக்கவோ இயலாமல் பூட்டிக்கொள்ளுதல், ஓசையுடன் இடறுதல், இரண்டு வாரத்துக்கு மேலும் நொண்டுதல் ஆகிய நான்கில் ஒன்று தோன்றினாலும், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும்கூட, எலும்பியல் மருத்துவர் பார்த்தாக வேண்டும். காய்ச்சலுடன் வீங்கிய மூட்டாயின் அன்றே பார்த்தாக வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும் வளரிளம் பிள்ளையின் இடுப்பு மூட்டையும் சோதிப்பது மருத்துவரின் கடமை. இடுப்பின் நோய் முழங்காலில் வலியாகத் தோன்றுவது அப்பருவத்தில் அரிதன்று.

கட்டுவைத்தியரையும் இக்கடமையில் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை. சங்கரன்கோவில் வட்டாரத்தில் அடிபட்ட பிள்ளையை முதலில் தொடுவது இன்றும் பல வேளைகளில் அவர் கையே. பூட்டிக்கொண்ட முழங்காலையும் இரத்தம் கட்டிய முழங்காலையும் நீவாமல், அசையாதபடி தாங்கி மருத்துவமனைக்கு அனுப்ப அவர் பழகிவிட்டால், எந்தப் புதிய கருவியும் காக்காத அளவு குருத்தெலும்பு காக்கப்படும். அறுவைக்குப் பின் இயன்முறை மருத்துவர் வகுக்கும் பயிற்சியும் நாற்காலியின் உயரத்தோடு நின்றுவிடாமல், தையல் ஆறிய பின் படிப்படியாகச் சம்மணத்துக்கும் குந்துதலுக்கும் பிள்ளையைக் கொண்டுசேர்ப்பதாக அமைய வேண்டும். தகாகி தம் நாட்டு மக்கள் அமரும் முறையை மனத்தில் கொண்டு மருத்துவத்தைத் தொடங்கினார். தென்தமிழகத்தின் குழந்தை எலும்பியலும் தன் மக்கள் வாழும் முறையையே அளவுகோலாகக் கொள்ளும்போதுதான் அதன் பணி நிறைவுபெறும்.